பொம்பாக்காரர்களை (மலேசியத் தீயணைப்பு வீரர்களை) நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

செந்தூல்காரன்:

மே 4 வந்தால் உலகத் தீயணைப்பு வீரர்கள் தினம் என்று சிவப்பு நீல ரிப்பன் படம் வாட்ஸ்அப்பில் சுற்றும். 1998 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் லின்டன் பக்கம் காட்டுத்தீயை அணைக்கப் போன 5 தன்னார்வலர்கள், காற்று திசை மாறியதில் லாரியோடு தீயில் சிக்கி இறந்தார்கள். அதிலிருந்து வந்த நாள் இது. படம் அனுப்புவதில் தப்பில்லை. ஆனால் நம் ஊரில், நம் கண்முன்னே நடந்ததை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. ஃபார்வர்ட் ஆனது, யாரோ சொன்னது எல்லாம் வேண்டாம். நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பிளாட்டில் நாலாம் மாடி வீடு ஒன்று பற்றி எரிந்த இரவு. முதலில் பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம், அப்புறம் யாரோ சட்டியைக் கரண்டியால் அடித்து எழுப்புகிற சத்தம். எல்லாரும் இறங்கிவிட்டோம், அந்த வீட்டுப் பாட்டியைத் தவிர. மகனுக்கு இரவு வேலை. போகும்போது கிரில் கம்பிக் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவான். பாட்டிக்கு மறதி நோய். இறங்கி எங்கேயாவது போய்விட்டால் யார் தேடுவது? அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

லாரி வந்தது. வந்து, வளைவில் நின்றுவிட்டது. இரண்டு வரிசைக்குக் கார்கள். எங்கள் பிளாட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், ராத்திரி பத்து மணிக்கு மேல் அங்கே சைக்கிள் போவதே பெரிய காரியம். ஹேண்ட்பிரேக் போடாத கார்களைத் தள்ளினோம். போட்டிருந்த ஒரு மைவி காரை ஏழெட்டுப் பேர் சேர்ந்து தூக்கி ஓரம் வைத்தோம். பொம்பாக்காரர்கள் அதற்குக் காத்திருக்கவில்லை. குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டார்கள். மாடியில் இருக்கிற தண்ணீர்க் குழாய்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே குழாயும் இல்லை, பித்தளை முனையும் இல்லை. எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ. கீழே சாலையோரப் பிலியிலிருந்துதான் (தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய்) இழுக்க வேண்டியிருந்தது.

நான் எழுத நினைத்தது இதற்குப் பிறகு நடந்ததை. மாடிப்படி அடியில் ஒரு அதிகாரி கையில் பலகையோடு நின்றார். உள்ளே போகிற ஒவ்வொருவரும் தன் காற்றுக் கருவியில் தொங்குகிற பெயர் அட்டையைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் அதைப் பலகையில் செருகினார். எத்தனை மணிக்குப் போகிறார், சிலிண்டரில் எவ்வளவு காற்று, எல்லாம் எழுதினார். நாங்கள் கத்துகிறோம், ஒரு பெண் மயங்கி விழுகிறாள், மேலே கண்ணாடி வெடிக்கிறது. அவர் வாட்சைப் பார்க்கிறார், பலகையைப் பார்க்கிறார். வேறு எதையும் பார்க்கவில்லை. உள்ளே போனவன் எப்போது வெளியே வரவேண்டும் என்று ஒருவர் கணக்கு வைத்திருக்கிறார். அந்தக் கணக்கை நம்பி இன்னொருவர் கண் தெரியாத புகைக்குள் போகிறார். இதில் யார் தைரியசாலி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

காற்று தீரப் போகிறது என்றால் அந்தக் கருவியிலிருந்து விசில் அடிக்கும். மேலே விசில் கேட்டது. பலகைக்காரர் நிமிர்ந்தார். அன்றைக்கு அவர் முகம் மாறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். விசிலோடுதான் இறங்கி வந்தார்கள், பாட்டியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு.

பாட்டி பிழைத்துக்கொண்டார். தூக்கி வந்த தம்பி கால்வாய்த் திட்டில் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றினார். முகமூடி இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சுற்றிலும் கரி. எதிர்வீட்டு அக்கா 100 பிளஸ் கேனைத் திறந்து நீட்டினார். கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு முதலில் வாந்தி எடுத்தார். அப்புறம்தான் வாங்கிக் குடித்தார்.

கெராமாட் ரவுண்டானா:

கிரில் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2017 செப்டம்பர் 14, கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் தாஃபிஸ் பள்ளித் தீ, குர்ஆன் மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளி. 21 மாணவர்கள், 2 ஆசிரியர்கள் இறந்தார்கள். விடியும் முன்னே, மேல்மாடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள். ஜன்னலில் கம்பி, வாசல் பக்கம் நெருப்பு.

நான் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவேன். அன்று சாலையை அடைத்திருந்தார்கள். ஐம்பதை நெருங்கும் ஒரு பொம்பாக்காரர் லாரிப் படியில் ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கேமராவோடு ஒருவர் அவரை நோக்கிப் போனார். பக்கத்தில் நின்ற இன்னொரு பொம்பாக்காரர் ஒன்றும் பேசாமல் கேமராக்காரரின் தோளைப் பிடித்து மெதுவாக வேறு பக்கம் திருப்பிவிட்டார். நான் பார்த்தது அவ்வளவுதான். எங்கள் வீட்டு கிரில் சாவி இப்போது கதவுப் பக்கத்து ஆணியில்தான் தொங்குகிறது, பிள்ளைக்கும் எட்டுகிற உயரத்தில்.

செபராங் பிறை அம்மா:

என் வீட்டுக்காரர் பொம்பாவில்தான் இருக்கிறார். எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. நான் இங்கே எழுதுவது தெரிந்தாலே ஒரு மாதிரி பார்ப்பார். செந்தூல் அண்ணன் சொன்ன அந்தப் பலகையில் செருகுகிற அட்டைகளில் ஒன்று இவருடையது. அதனால் எழுதுகிறேன்.

எல்லாரும் கேட்பது, பயமாக இருக்காதா என்று. பயம் எல்லாம் கல்யாணமான புதிதில். அப்புறம் சமையல், பிள்ளை, ஸ்கூல் வேன் என்று ஓடிவிடுகிறது. எனக்குக் கவலை நெருப்பு அணைந்த பிறகு வருகிறதைப் பற்றி. முன்பெல்லாம் கரி பிடித்த உடுப்போடு அப்படியே வீட்டுக்கு வருவார்கள். கரி பிடித்த உடுப்பு என்றால் நன்றாக வேலை செய்தவன் என்று ஒரு பெருமை. 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, தீயணைப்பு வேலையே புற்றுநோய் தரக்கூடியது என்று முதல் வகையில் சேர்த்துவிட்டது. சிகரெட் இருக்கிற அதே வகை. சோபா, டிவி, கார்ப்பெட் எல்லாம் எரிகிற புகை சாதாரண விறகுப் புகையா? இப்போது இவர் உடுப்பைத் தனியாகத்தான் துவைக்கிறேன், பிள்ளைகள் துணியோடு சேர்ப்பதில்லை. குளித்த பிறகுதான் சின்னவளைத் தூக்க விடுவேன். அவளுக்கு அது புரியாது, வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

வீட்டில் எதுவும் பேச மாட்டார். "இன்னைக்கு எப்படி?" என்றால் "ஓகே" என்பார். என்ன நடந்தது என்று எனக்குத் தெரிவது அவர் சாப்பாட்டை வைத்துத்தான். சாலை விபத்துக்குப் போய், நசுங்கிய காரிலிருந்து யாரையாவது வெட்டி எடுத்த நாள் என்றால் கறி தொட மாட்டார். ரசம் போதும் என்பார். சின்னப் பிள்ளை சம்பந்தப்பட்டது என்றால் ரசமும் கிடையாது. நேராகப் போய் எங்கள் பிள்ளைகளின் அறை வாசலில் நின்றுவிட்டு வருவார்.

தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இவர் நோன்புப் பெருநாளுக்கு மலாய் நண்பர்களுக்காக நிற்பார், அவர்கள் தீபாவளிக்கு இவருக்காக நிற்பார்கள். எழுதி வைத்த சட்டம் இல்லை, அவர்களுக்குள் ஒரு பேச்சு. ஆனால் பெரிய அழைப்பு வந்தால் அதெல்லாம் செல்லாது. 2025 ஏப்ரல் 1, பெருநாள் இரண்டாம் நாள், புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்தது ஞாபகம் இருக்கிறதா? 30 மீட்டருக்கு மேலே தீ, 1000 டிகிரி வரைக்கும் சூடு என்றார்கள். நாங்கள் இங்கே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் போகவே முடியாது. வால்வை மூடிய பிறகும் குழாயில் மிச்சம் இருக்கிற வாயு எரிந்துதான் தீரவேண்டும். பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்குத்தான் அணைந்தது. அதுவரை சுற்றியிருந்த வீடுகளில் ஆளைத் தேடுவதும் தீ பரவாமல் பார்ப்பதும்தான் வேலை. நூற்றுக்கு மேல் காயம், உயிர் ஒன்றும் போகவில்லை. இவருக்கு அன்று லீவு. டிவி முன்னால் நின்றுகொண்டே பார்த்தார், உட்காரவே இல்லை. நான் கொடுத்த தேத்தண்ணி ஆறிப் போச்சு.

மஸ்ஜிட் இந்தியா துணிக்கடை:

அக்கா, உங்கள் வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்லுங்கள்.

எங்கள் சாலையில் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். 2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை காலை. நடைபாதை அப்படியே உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி 8 மீட்டர் ஆழக் குழியில் விழுந்துவிட்டார். நான் தினமும் காலையில் கால் வைக்கிற இடம் அது. தேடல் ஒன்பது நாள் நடந்தது. கடைக்கு வியாபாரம் கிடையாது, நாங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூமிக்கடியில் ஓடுகிறது கழிவுநீர்க் குழாய். விஸ்மா யாக்கின் பக்கத்து மேன்ஹோலிலிருந்து பந்தாய் டாலாம் சுத்திகரிப்பு நிலையம் வரைக்கும் தேடினார்கள். உறைந்து கல்லாகிப் போன கழிவு வழியை அடைத்திருந்தது. தண்ணீரைப் பீய்ச்சி உடைத்துப் பார்த்தார்கள், இயந்திரம் வைத்து இழுத்துப் பார்த்தார்கள். நடுவில் கொஞ்ச தூரத்திலேயே இன்னொரு குழி விழுந்தது. அதற்கு அப்புறமும் இறங்கினார்கள். முங்கு உடையில் ஒருவர் மேன்ஹோலுக்குள் கயிற்றில் இறங்கும்போது மேலே கயிறு பிடிக்கிறவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு இழு இழுத்தால் ஒரு அர்த்தம் போலிருக்கிறது. அவர் யாரோடும் பேசவில்லை, கொசு கடித்தால் தட்டவும் இல்லை. ஏறி வந்தவர் மேல் தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகும் அந்த வாடை எங்கள் கடைக்குள் வரைக்கும் வந்தது. அதில் முகம் வைத்து இறங்கியிருக்கிறார்கள், யாரென்றே தெரியாத ஒருவருக்காக.

ஆகஸ்ட் 31ஆம் தேதி தேடலை நிறுத்தினார்கள். உள்ளே ஓட்டம் வேகமாக இருக்கிறது, இறங்குகிறவர்கள் உயிருக்கு ஆபத்து என்றார்கள். கடைக்கு வந்தவர்களில் சிலர் "அவ்வளவுதானா, விட்டுட்டாங்களா" என்று பேசினார்கள். ஏசி கடையில் நின்று அப்படிப் பேசுவது சுலபம். அந்தக் குடும்பத்தின் வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதற்கு ஆறுதலே கிடையாது. ஆனால் கயிறு பிடித்தவரின் முகத்தைப் பார்த்தவன் நான். விட்டுவிட்ட முகம் அல்ல அது.

செந்தூல்காரன்:

நிறுத்துவதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது "இனி என் ஆட்களை இறக்க மாட்டேன்" என்று சொல்கிற அதிகாரிக்கு யாரும் மாலை போடப் போவதில்லை. பூச்சோங்கில் நடந்ததை நினைத்தால் அந்த முடிவு ஏன் என்று புரியும். அந்தப் பக்கத்து ஆள் யாராவது இருக்கிறீர்களா?

பூச்சோங் வாசி:

இருக்கிறேன். 2018 அக்டோபர் 3, தாமான் புத்ரா பெர்டானா, பழைய ஈயச் சுரங்கக் குட்டை. 17 வயதுப் பையன் விழுந்துவிட்டான் என்று தேட வந்தார்கள், போர்ட் கிள்ளான், ஷா ஆலம் நிலையங்களின் முங்கு வீரர்கள். இருட்டிவிட்ட நேரம். 6 பேரும் ஒரே கயிற்றில் இணைந்திருந்தார்கள். நீர் திடீரென்று வேகம் எடுத்துச் சுழற்றியது. 6 பேரும் போய்விட்டார்கள்.

நான் கரையில் கூட்டத்தில் நின்றவன். மேலே இழுத்துப் போட்டு நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தவர்களும் அவர்களுடைய கூட்டாளிகள்தான். இதற்கு மேல் எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

சுபாங் ஜெயா தங்கை:

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சீபீல்டு மாரியம்மன் கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்து போகிறவள் நான். 2018 நவம்பர் கடைசியில் அங்கே கலவரம். வாகனங்கள் எரிகின்றன என்ற அழைப்புக்குத்தான் சுபாங் ஜெயா நிலையத்திலிருந்து வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் முகமட் அடிப், வயது 24. நவம்பர் 27ஆம் தேதி விடியும் முன்னே படுகாயம். டிசம்பர் 17ஆம் தேதி தேசிய இருதயக் கழகத்தில் உயிர் பிரிந்தது. 22ஆம் தேதி கல்யாணம் வைத்திருந்தார்கள்.

அந்த நாட்களில் ஆபீஸ் லிஃப்டில் யாரோடும் கண் கொடுத்துப் பேச முடியவில்லை. பேச்செல்லாம் இனம், மதம் என்று போய்க்கொண்டிருந்தது. என் அம்மா அதில் எதையும் கவனிக்கவில்லை. அடிப் ஆஸ்பத்திரியில் இருந்த நாள் முழுக்க சாயங்காலம் சாமி மேடையில் ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றினாள். யாருக்கு என்று அப்பா கேட்டபோது, "அந்தப் பொம்பாத் தம்பிக்கு. அதுவும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே" என்றாள்.

செந்தூல்காரன்:

இதற்குக் கீழே இரண்டு பேர் வழக்கைப் பற்றி எழுதியதை எடுத்துவிட்டேன். அடையாளம் தெரியாத இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் குற்றச் செயலால் நேர்ந்த மரணம் என்று 2019இல் மரண விசாரணை நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு மேல் வாதாட வேறு இடம் இருக்கிறது. இங்கே வேண்டாம். தங்கை, எழுதியது நல்லது.

பட்டர்வொர்த் பெரியவர்:

நீங்கள் எல்லாரும் சின்னவர்கள். 1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை, பட்டர்வொர்த் பெர்ரி முனையம் இடிந்ததை நான் பார்த்தேன். புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா, பினாங்குத் தீவில் சீனர்களின் குவான் யின் விழா. இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்த கூட்டம். மேல் தளம் பாரம் தாங்காமல் கீழே விழுந்தது. 32 பேர் இறந்தார்கள், 1,600க்கு மேல் காயம்.

அந்தக் காலத்தில் இடிபாட்டுக்கென்று தனிப் படை ஏது? நெருப்பு அணைக்கிற ஆட்கள்தான் வந்தார்கள். கையில் கோடரி, கடப்பாரை, லாரிக்குப் போடுகிற ஜாக்கி. நாங்கள் துறைமுகக் கூலிகள் எங்கள் சங்கிலியையும் கப்பியையும் கொண்டு போய்க் கொடுத்தோம். ஒரு சீனப் பொம்பாக்காரர் பாளத்துக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துப் படுத்துக்கொண்டு, உள்ளே மாட்டிக்கொண்ட பெண்ணோடு பேசிக்கொண்டே இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அந்த அம்மாவுக்கு வேறு பாஷை தெரியாது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, தண்ணீர் வேணுமா கேள், கால் உணர்ச்சி இருக்கா கேள், பிள்ளைங்க எத்தனை பேர் கேள் என்று மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் எத்தனை என்று எதற்குக் கேட்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தூங்கிவிடாமல் வைத்திருக்கத்தான். மேலே இருந்த பாளம் அசைந்தால் அவரும் சேர்ந்து போயிருப்பார். அந்த அம்மாவை வெளியே எடுத்தார்கள், உயிரோடு.

1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் சரிந்து 48 பேர் போன பிறகுதான் அரசாங்கம் முழித்துக்கொண்டு ஸ்மார்ட் என்ற சிறப்பு மீட்புப் படையை அமைத்தது. இப்போது நாய் இருக்கிறது, கேமரா இருக்கிறது. அன்றைக்குக் காதைத் தரையில் வைத்துக் கேட்டார்கள்.

ஜெலுத்தோங் அக்கா:

ஐயா, படித்துக் கண் கலங்கிவிட்டது.

என்னுடையது சின்னக் கதை. 2017 நவம்பர் 4 ராத்திரி பெய்த மழை பினாங்கில் யாருக்கும் மறக்காது. 7 பேர் இறந்த வெள்ளம். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து இறந்த 11 தொழிலாளிகளைத் தோண்டி எடுத்திருந்தார்கள் இதே ஆட்கள். மூச்சு விடக்கூட நேரம் கிடைத்திருக்காது.

ஜாலான் பி. ரம்லி பக்கம் எங்கள் அத்தை வீடு. இடுப்பளவு தண்ணீர். படகை இழுத்துக்கொண்டு வந்த நாலு பேரில் ஒருவர் முன்னால் நீளமான கம்பால் தரையைத் தட்டித் தட்டி நடந்தார். தண்ணீருக்கடியில் பெரிய கால்வாய் எங்கே இருக்கிறது என்று அந்தச் சாலையில் பிறந்த எனக்கே அன்று தெரியவில்லை. அத்தை வர மாட்டேன் என்கிறார். முருகன் படம் இல்லாமல் படி இறங்க மாட்டாராம். படம் என்றால் காலண்டர் படம் இல்லை, கண்ணாடிச் சட்டம் போட்டது, என் உயரத்தில் பாதி. நான் அத்தையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த மலாய்த் தம்பி சுவரிலிருந்து படத்தைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். அவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று நான் வாங்கப் போனேன். "கக்கா (அக்கா), நீங்க மக்சிக்கை (அத்தையை) பிடிங்க, இது எனக்குப் பாரமில்லை" என்றார். மேடு வருகிற வரைக்கும் அப்படியேதான் நடந்தார். அத்தை படகில் உட்கார்ந்துகொண்டு, பத்திரம், சாய்க்காதே, கண்ணாடி, என்று வழி முழுக்க அதட்டிக்கொண்டே வந்தார்.

ஆயர் ஈத்தாம் மாப்பிள்ளை:

எல்லாம் கனமாக இருக்கிறது. நான் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன்.

கல்யாண மோதிரம் என் விரலை விட்டு வரவில்லை. விரல் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது. கிளினிக்கில் பார்த்துவிட்டு, பொம்பாவுக்குப் போங்கள் என்றார்கள். நான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். லெபோ பந்தாய் நிலையத்துக்குப் போனேன், 1908இல் கட்டிய அந்தக் கோபுரக் கட்டடம். சங்கடமாக இருந்தது, அவர்கள் வேலை என்ன, நான் கொண்டு போன வேலை என்ன. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்து, விரலில் நூலைச் சுற்றிப் பார்த்தார்கள், சோப்பு போட்டுப் பார்த்தார்கள், நகரவில்லை. அப்புறம் கைக்கு அடக்கமான ஒரு சின்ன அறுப்பு மெஷின். மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒன்றை நுழைத்தார். ஒருவர் அறுக்க, ஒருவர் சூடாகாமல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட, மூன்றாவது ஆள் என்னிடம் எந்த ஊர் மாப்பிள்ளை, எந்தக் கடையில் நாசி கண்டார் சோறு நன்றாக இருக்கும் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியவர் எழுதியதைப் படித்த பிறகுதான் அது எதற்கு என்று எனக்கு விளங்கியது.

காசு வாங்கவில்லை. பேர், ஐசி (அடையாள அட்டை) நம்பர் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். வெட்டின மோதிரத்தை லிட்டில் இந்தியாவில் பத்தரிடம் ஒட்டக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொம்பாவில வெட்டினதா?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "நம்ம பையனுங்க வெட்டினா இவ்வளவு நேரா வராது" என்று சொல்லி, கடைப் பையனை ஒரு முறை முறைத்தார்.